ஆண்டுக்கு எத்தனை மில்லிமீட்டர்?

இத்தாலியின் பொலோஞா நகரத்தில், பழைய கிழக்கு வாசல் இருந்த இடத்தில், ஐந்து தெருக்கள் வந்து கூடுகின்றன. அந்தச் சந்திப்பில் இரண்டு செங்கல் கோபுரங்கள் அருகருகே நிற்கின்றன. உயரமானது அசினெல்லி, 97 மீட்டர். குட்டையானது காரிசெண்டா, 48 மீட்டர். இரண்டுமே சாய்ந்தவைதான். ஆனால் அசினெல்லியின் சாய்வைக் கவனித்துப் பார்த்தால்தான் தெரியும். காரிசெண்டாவின் சாய்வைத் தெருவில் போகும் குழந்தைகூடக் கண்டுகொள்ளும். அதன் உச்சி, அடியிலிருந்து மூன்று மீட்டருக்கும் அதிகமாக விலகி நிற்கிறது. ஏறத்தாழ 4 பாகைச் சாய்வு. 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த இந்த இரண்டும் இன்று அந்நகரின் முகவரி. இப்படி ஒரு கோபுரத்தைப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் கேட்பது ஒரே கேள்வி: எவ்வளவு சாய்ந்திருக்கிறது? கோபுரத்தின் உயிரைத் தீர்மானிப்பது அந்தக் கேள்விக்கான விடை அன்று. இந்த ஆண்டு எவ்வளவு நகர்ந்தது, சென்ற ஆண்டைவிட அது கூடுதலா குறைவா என்பதே கேட்க வேண்டியது. பழங்கோபுரம் ஒன்றைக் காப்பது என்பது அதன் வேகத்தை அறிவதில் தொடங்குகிறது என்பதற்கு, கடந்த நூறாண்டுகளில் விழுந்த கோபுரங்களும் விழாமல் தப்பிய கோபுரங்களும் போதிய சான்று தருகின்றன.

இந்தக் கோபுரங்கள் அரசர்களின் கோட்டைகள் அல்ல. 12, 13ஆம் நூற்றாண்டுகளில் வட இத்தாலிய நகரங்களைப் போப்பாண்டவரின் தரப்பு, பேரரசரின் தரப்பு என்ற பிளவு கூறுபோட்டிருந்தது. ஒரே தெருவில் இருந்த செல்வக் குடும்பங்கள் ஒன்றையொன்று தாக்கின. தாக்குதல் வந்தால் ஏறிக்கொள்ளவும், மேலிருந்து கல்லும் அம்பும் எறியவும், எதிரியின் வீட்டுக் கூரையைக் கண்காணிக்கவும் கோபுரம் வேண்டியிருந்தது. அண்டைக் குடும்பத்தைவிட நாம் உயர்ந்தவர்கள் என்று காட்டிக்கொள்ளவும்தான். பொலோஞாவில் மட்டும் 180 கோபுரங்கள் இருந்திருக்கலாம் என்று ஜியோவன்னி கொஸ்ஸாதீனி என்ற வரலாற்றாசிரியர் 19ஆம் நூற்றாண்டில் கணக்கிட்டார். பழைய சொத்துப் பத்திரங்களை வைத்து அவர் போட்ட அந்தக் கணக்கில், ஒரே கோபுரம் கைமாறியபோதெல்லாம் மீண்டும் எண்ணப்பட்டிருக்கக் கூடும் என்று பின்வந்தவர்கள் சொன்னார்கள். உண்மையான எண்ணிக்கை 80லிருந்து 100க்குள் இருக்கும் என்பது அவர்களின் மதிப்பீடு. எந்த எண்ணை ஏற்றாலும், இன்று மிஞ்சியிருப்பவை இருபது சொச்சம்தான். சில விழுந்தன, சில இடிக்கப்பட்டன, சில வீடுகளின் சுவர்களுக்குள் கரைந்துபோயின. இரண்டு கோபுரங்களுக்கும் அருகே இருந்த வேறு சில கோபுரங்கள் 1917 முதல் 1919 வரை, சாலையை அகலப்படுத்துவதற்காகத் தகர்க்கப்பட்டன. இந்த எண்ணிக்கையை மறந்துவிடாதீர்கள். இதற்கு ஒரு வேலை இருக்கிறது.

இவற்றைக் கட்டிய முறையைப் பார்ப்போம். 2 அல்லது 3 மீட்டர் தடிமனுள்ள சுவர் என்றால், முழுத் தடிமனுக்கும் செங்கல்லை ஒழுங்காக அடுக்கியிருப்பார்கள் என்று நினைக்கத் தோன்றும். அப்படியில்லை. வெளிப்புறம் ஒரு மெல்லிய செங்கல் சுவர், உட்புறம் இன்னொன்று. இரண்டுக்கும் நடுவே உடைகல், கூழாங்கல், செங்கல் துண்டு, சுண்ணாம்புக் காரை எல்லாம் சேர்த்துக் கொட்டி நிரப்பினார்கள். செலவும் குறைவு, வேலையும் விரைவு. பார்வைக்கு மூன்றும் ஒரே சுவர். பாரம் தாங்குவதில் மூன்றும் வேறு வேறு. இப்போது ஒரு சிறிய கணக்கு. செங்கல் கட்டுமானம் ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 1,800 கிலோ எடை. மேலிருந்து கீழ்வரை ஒரே அகலத்தில் 97 மீட்டர் உயரத்துக்கு ஒரு தூண் நின்றால், அதன் அடியில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரையும் சுமார் 17 கிலோ அழுத்தும். தூணின் அகலம் எதுவானாலும் இந்த எண் மாறாது. உயரம்தான் இதைத் தீர்மானிக்கிறது. ஒற்றைச் செங்கல்லுக்கு இது ஒரு சுமையே அல்ல. ஆனால் பழைய சுண்ணாம்புக் காரையும் கற்குவியலும் கலந்த கட்டுமானம் நொறுங்கும் அளவு பல இடங்களில் சதுர சென்டிமீட்டருக்கு 25 முதல் 30 கிலோதான். அதாவது, இத்தகைய கோபுரம் ஒன்று சும்மா நிற்கும்போதே தன் வலிமையில் பாதிக்கும் மேல் தன் எடைக்கே செலவிட்டுவிடுகிறது. காற்று, நிலநடுக்கம், மேலே பின்னாளில் ஏற்றிய மணி மண்டபம் எல்லாவற்றுக்கும் மீதிதான் கையிருப்பு.

அந்த மிச்சம் போதாதா? சில நிமிடங்களில் முடியும் சோதனைக்குப் போதும், நூற்றாண்டுகளுக்குப் போதாது. இங்கேதான் இந்த அத்தியாயத்தின் மையமான இயற்பியல் இருக்கிறது. புத்தகம் அடுக்கிய மரப்பலகை வைத்த அன்று நேராக இருக்கும். புத்தகம் ஒன்றுகூடச் சேர்க்காவிட்டாலும் பத்தாண்டில் நடுவில் தொய்ந்திருக்கும். சுமை மாறவில்லை, பொருள் மாறியது. பொறியாளர்கள் இதை ஊர்வு என்பார்கள். கல்லும் காரையும் இதற்கு விலக்கல்ல. நிலையான சுமையின் கீழ் காரைக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்விரிசல்கள் தோன்றுகின்றன. ஒவ்வொன்றும் அருகிலுள்ள துகள்மீது சிறிது சுமையைத் தள்ளுகிறது. நடுவே கொட்டிய நிரப்பு மெல்ல அமுங்க, அது சுமந்த பாரம் வெளியே உள்ள மெல்லிய செங்கல் தோலுக்கு மாறுகிறது. கோடையில் விரிவதும் குளிரில் சுருங்குவதும் காற்றில் அசைவதும் இந்த விரிசல்களைத் தினமும் கொஞ்சம் நீட்டுகின்றன. சுமை, வலிமையின் பாதியைத் தாண்டாதவரை இது மிக மெதுவாக நடந்து தணிந்துவிடும். அதைத் தாண்டினால் தணியாது. வலிமையை எட்டாத சுமைகூட, போதிய காலம் கொடுத்தால், கட்டடத்தை நொறுக்கிவிடும்.

1989 மார்ச் 17 காலையில் பவியா நகரம் இதைக் கண்டது. மிலானுக்குத் தெற்கே உள்ள அந்தப் பல்கலைக்கழக நகரத்தில், பேராலயத்தை ஒட்டி நின்ற நகரக் கோபுரம், ஒன்பது மணிக்குச் சற்று முன்பு முழுவதுமாக இடிந்து விழுந்தது. நான்கு பேர் இறந்தார்கள். நிலநடுக்கம் இல்லை, புயல் இல்லை. யாரோ வெடி வைத்திருக்க வேண்டும் என்ற சந்தேகம்தான் முதலில் எழுந்தது. விசாரணைக் குழு அதற்குத் தடயம் எதுவும் காணவில்லை. அஸ்திவாரம் இறங்கியதா என்று தோண்டிப் பார்த்தார்கள், அதுவும் காரணமில்லை. கடைசியில் மிஞ்சியது கோபுரத்தின் சுவரே. மிலான் பாலிடெக்னிக்கைச் சேர்ந்த லூயிஜியா பிந்தாவின் குழு இடிபாடுகளிலிருந்து பெரிய துண்டங்களை எடுத்துச் சென்று சோதனைக்கூடத்தில் அழுத்திப் பார்த்தது. 2.8 மீட்டர் தடிமன் என்று கம்பீரமாகத் தெரிந்த சுவரில், ஒழுங்காகக் கட்டிய செங்கல் வெளிப்புறத்தில் சுமார் 15 சென்டிமீட்டர் மட்டுமே. மற்றதெல்லாம் நிரப்பு. மாடிப்படியோ சுவரின் உடலுக்குள்ளேயே குடைந்து போடப்பட்டிருந்தது. இதன்மேல் 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் பெல்லெக்ரினோ திபால்தியின் வடிவமைப்பில் கனத்த கருங்கல் மணி மண்டபம் ஒன்றை ஏற்றியிருந்தார்கள். ஏற்றிய அன்று கோபுரம் தாங்கியது. அதற்குப் பிறகு 400 ஆண்டுகள் தாங்கியது. தாங்கிக்கொண்டே உள்ளுக்குள் முறிந்தது.

பிந்தாவின் குழு அடுத்த பல ஆண்டுகள் அந்தத் துண்டங்களை விதவிதமாக அழுத்திச் சோதித்தது. ஒரே சுமையை நாட்கணக்கில் நிறுத்திவைத்தும், சிறிது சிறிதாகக் கூட்டியும் பார்த்தபோது ஒரு பொது வடிவம் தெளிந்தது. முதலில் கட்டுமானம் சற்றே அமுங்கி, அமுங்கும் வேகம் குறைகிறது. பிறகு நெடுங்காலம் அந்த வேகம் ஏறக்குறைய மாறாமல் இருக்கிறது. இறுதியில் வேகம் கூடுகிறது. கூடத் தொடங்கிய பின் முடிவு நெருங்கிவிடும். இரண்டாவது கட்டம் எத்தனை நூற்றாண்டு வேண்டுமானாலும் நீளலாம் என்பதுதான் ஏமாற்றுவது. அந்தக் காலம் முழுவதும் சுவரை வெளியிலிருந்து பார்ப்பவருக்குச் சில மெல்லிய செங்குத்து விரிசல்கள் மட்டுமே தெரியும். பழைய சுவரில் விரிசல் இருப்பது இயல்புதானே என்று கடந்து போய்விடுவார். இரண்டாம் கட்டத்தையும் மூன்றாம் கட்டத்தையும் கண்ணால் பிரித்தறிய முடியாது. வேகத்தை அளந்தால் மட்டுமே முடியும்.

பவியா தனி நிகழ்வு அல்ல. 1993இல் ஜெர்மனியின் கோக் நகரில் ஒரு தேவாலயத்தின் மணிக்கோபுரம் விழுந்தது. 2006இல் பெல்ஜியத்தின் சிக்கெம் ஊரில், இரும்புச்சத்து மிகுந்த பழுப்பு மணற்கல்லால் இடைக்காலத்தில் கட்டப்பட்டு, ஊரின் அடையாளமாகவே பாதுகாக்கப்பட்டுவந்த கன்னிக் கோபுரத்தின் சுவரில் பெரும் பகுதி சரிந்தது. இதுவும் காவல் கோபுர வகைதான். லூவன் பல்கலைக்கழகப் பொறியாளர்கள் அந்தக் கல்லை ஆராய்ந்தபோது, ஈரமும் நீண்டகாலச் சுமையும் சேர்ந்து செய்யும் வேலை மீண்டும் தெரிந்தது.

இந்த இடத்தில் ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். 900 ஆண்டுகள் நின்றது, இன்னும் 100 ஆண்டு நிற்காதா? எத்தனையோ நிலநடுக்கங்களையும் போர்களையும் பார்த்துவிட்ட கட்டடத்தை இன்றைய கருவிகளோடு போய் நோயாளி என்று அழைப்பது மிகையல்லவா? அந்தக் கருத்தில் ஓரளவு உண்மை உண்டு. கட்டடத்தின் முதல் சில பத்தாண்டுகள்தான் அபாயமானவை. அஸ்திவாரத்தின் குறையும் கட்டுமானத்தின் குறையும் அப்போதே வெளிப்பட்டுவிடும். அந்தக் காலத்தைத் தாண்டியவை வலுவானவை என்று எண்ணுவதில் தவறில்லை. ஆனால் அந்த வாதம் தப்பியவற்றை மட்டும் எண்ணுகிறது. பொலோஞாவின் 80, 100 கோபுரங்களில் இருபது சொச்சம் மட்டுமே நிற்கின்றன என்று முன்பு சொன்னதை இங்கே வைத்துப் பாருங்கள். விழுந்தவையும், விழுந்துவிடும் என்று அஞ்சி இறக்கப்பட்டவையும் நம் கண்முன் இல்லை. ஆகவே நம் கணக்கிலும் இல்லை. இதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. கல்லுக்கு ஓய்வு கிடையாது. 900 ஆண்டு நின்றது என்பது 900 ஆண்டு சுமந்தது என்பதும்தான். கையிருப்பில் எவ்வளவு செலவாகியிருக்கிறது என்பதை அந்த வயது சொல்வதில்லை. பவியா கோபுரம் விழுந்ததற்கு முந்தைய நாள் மாலை, அது பல நூற்றாண்டுகள் நின்றது என்ற வாதம் அதுவரை இருந்ததிலேயே வலுவாக இருந்தது.

காரிசெண்டாவுக்கு வருவோம். அதன் சாய்வு புதிதல்ல. தாந்தே தன் காவியத்தின் நரகப் பகுதியில், குனியும் ஒரு பூதத்தை இந்தக் கோபுரத்தோடு ஒப்பிடுகிறார்: சாய்ந்த பக்கத்தில் கீழே நின்று அண்ணாந்து பார்ப்பவருக்கு, மேலே மேகம் ஒன்று எதிர்த்திசையில் கடக்கும்போது கோபுரமே தன்மேல் விழுவதுபோலத் தோன்றும் அந்த மயக்கத்தைச் சொல்கிறார். சார்பு இயக்கத்தை இத்தனை துல்லியமாகப் பதிவுசெய்த கவிஞர்கள் அரிது. நமக்கு இதில் ஒரு தேதியும் கிடைக்கிறது. தாந்தே இறந்தது 1321இல். அதற்கு முன்பே சாய்வு ஊரறிந்ததாக இருந்திருக்கிறது. அடியில் இருந்த மண் ஒரு பக்கமாக இறங்கியதே மூலகாரணம். அப்போது கோபுரத்தின் உயரம் சுமார் 60 மீட்டர். 14ஆம் நூற்றாண்டின் நடுவில், 1351க்கும் 1360க்கும் இடையில், விழுந்துவிடும் என்ற அச்சத்தில் மேற்பகுதியை இறக்கி 48 மீட்டராக்கினார்கள். சாய்வு எப்படிக் கொல்லும் என்பதற்கு ஒரு எளிய விதி உண்டு. உள்ளே வெற்றிடம் இல்லாத, சதுர அடியுள்ள கட்டை ஒன்றின் எடை, அடியின் நடுவிலிருந்து பக்க அகலத்தின் ஆறில் ஒரு பங்கு விலகி விழுந்தால், ஒரு ஓரத்தில் அழுத்தம் சராசரியைப் போல் இரு மடங்காகும். எதிர் ஓரத்தில் சுழியமாகும். உள்ளே கூடான கோபுரத்துக்கு எண் சற்று மாறுமே தவிர, போக்கு மாறாது. கோபுரம் கவிழ்வதற்கு வெகு முன்பே, சாய்ந்த பக்கத்தின் அடிச்சுவர் நொறுங்கிவிடும். அன்றைய கொத்தனார்களுக்கு இந்தக் கணக்கு தெரியாது. ஆனாலும் சரியானதைச் செய்தார்கள்: எடையைக் குறைத்தார்கள், விலகலையும் குறைத்தார்கள்.

அவர்கள் கை வைக்காத இடம் அடித்தளம். நம் காலத்துக் கவலை முழுவதும் அங்கேதான். காரிசெண்டாவின் அடிப்பகுதி செங்கல் அல்ல, செலினைட். பொலோஞாவை ஒட்டிய குன்றுகளில் கிடைக்கும் பளபளப்பான ஜிப்சப் படிகக்கல் அது. பக்கத்திலேயே கிடைத்தது, வெட்டுவதற்கு எளிது, பார்க்க அழகு; ரோமானியர் காலத்திலிருந்தே அந்நகரம் அதைப் பயன்படுத்தியது. ஆனால் ஜிப்சம் தண்ணீரில் கரையும். ஒரு லிட்டருக்கு 2 கிராமுக்கு மேல். சுண்ணாம்புக்கல்லை ஒப்பிட்டால் இது நூறு மடங்குக்கும் அதிகம். நெருப்போ இன்னும் கொடியது. ஜிப்சத்தின் படிகத்துக்குள் நீர் கட்டுண்டிருக்கிறது. 150 பாகை செல்சியஸ் வரை சூடாக்கினால் அந்த நீரில் முக்கால் பங்கு வெளியேறி, கல் தூளாகிவிடும். உடைந்த எலும்புக்குக் கட்டுப்போடும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் இப்படித்தான் தயாராகிறது. இடைக்காலத்தில் அந்தக் கோபுரத்தின் அடியை ஒட்டிக் கொல்லுலைகளும் பட்டறைகளும் இயங்கின. சுவர் உள்ளே எந்த அளவு கெட்டிருக்கிறது என்பதை வெளியிலிருந்து யாரும் பார்க்கவில்லை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெளிப்புறத்தைப் புதிய செலினைட் கற்களால் போர்த்தியபோது தோற்றம் இன்னும் உறுதியாகத் தெரிந்தது. ஈரத்துக்கும் நெருப்புக்கும் ஆட்பட்ட ஒரு கல், சாய்வினால் கூடுதலாக அழுத்தப்படும் பக்கத்தில், 900 ஆண்டுகளாகச் சுமக்கிறது. இதைவிட மோசமான சேர்க்கையை வேண்டுமென்றே வடிவமைத்தாலும் கண்டுபிடிப்பது கடினம்.

வேகத்தை அளப்பது சொல்வதற்கு எளிது, செய்வதற்கு அப்படியல்ல. கோபுரம் ஒருபோதும் அசையாமல் நிற்பதில்லை. காலை வெயில் படும் கிழக்குச் சுவர் விரிய, உச்சி மேற்கே நகரும், மாலையில் திரும்பும். கோடைக்கும் குளிர்காலத்துக்கும் இடையில் இன்னொரு பெரிய ஊசலாட்டம் உண்டு. பக்கத்துக் கோபுரமான அசினெல்லியே இதற்குச் சாட்சி. 17ஆம் நூற்றாண்டில் ஜியோவன்னி பத்தீஸ்தா ரிச்சியோலி என்ற ஜேசுட் அறிஞர் அதன் உச்சியிலிருந்து குண்டுகளைப் போட்டு, ஊசலால் நேரத்தை எண்ணி, விழும் பொருள்களைப் பற்றி கலிலியோ சொன்ன விதி சரியென்று காட்டினார். 1791இல் ஜியோவன்னி பத்தீஸ்தா குலியெல்மீனி அதே கோபுரத்திலிருந்து குண்டுகளை விட்டு, அவை செங்குத்துக் கோட்டிலிருந்து சற்றே கிழக்கே விழுவதைக் கொண்டு பூமியின் சுழற்சியை நிறுவ முயன்றார். கிழக்கு விலகல் கிடைத்தது. தெற்கேயும் நம்ப முடியாத அளவுக்கு ஒரு விலகல் கிடைத்தது. குண்டுகள் விழுந்தது கோடையில். செங்குத்துக் கோட்டைத் தூக்குக் குண்டு கட்டிக் குறித்ததோ மாதங்கள் கழித்துக் குளிரில். இடையில் கோபுரமே வளைந்திருக்கும் என்று பின்னாளில் விமர்சகர்கள் சுட்டிக்காட்டினார்கள். பூமியின் சுழற்சியை அளக்க வந்தவரின் கணக்கையே கலைக்கும் அளவுக்கு அந்தச் செங்கல் உடல் அசைகிறது. ஆகவே ஒரு வாரம் அளந்து, 1 மில்லிமீட்டர் நகர்ந்தது என்று அறிவிப்பதில் பொருளில்லை. ஒவ்வொரு நாளும் போய்த் திரும்பும் அசைவையும், ஒவ்வொரு ஆண்டும் போய்த் திரும்பும் அசைவையும் கழித்த பிறகு, திரும்பாமல் மிஞ்சுவது எவ்வளவு என்று பார்க்க வேண்டும். அதற்குப் பல ஆண்டுகளின் அளவுகள் கையில் இருக்க வேண்டும். ஆபத்து வந்த பிறகு கருவி வாங்குபவருக்கு இந்தக் கழித்தல் சாத்தியமில்லை.

அளப்பதனால் கோபுரம் நின்றுவிடுமா என்று கேட்கலாம். நிற்காது. ஆனால் அளக்காமல் நிறுத்தப் போனால் என்ன நடக்கும் என்பதைப் பீசா காட்டுகிறது. பீசாவின் மணிக்கோபுரத்தின் சாய்வு 1911இலிருந்து முறையாக அளக்கப்பட்டுவந்தது. 1934இல், மண்ணின் நடத்தை சரியாகப் புரியாத நிலையில், அஸ்திவாரத்துக்குள் சிமெண்ட் கலவையைச் செலுத்தினார்கள். கோபுரம் நிமிர்வதற்குப் பதில் திடீரென்று மேலும் சாய்ந்தது. அளவு இருந்ததால்தான் அந்தத் தவறே பதிவானது. பவியா விழுந்த அதிர்ச்சியில் 1990 ஜனவரியில் பீசா கோபுரம் மூடப்பட்டபோது அதன் சாய்வு 5.5 பாகை, உச்சி ஆண்டுக்கு 1 மில்லிமீட்டருக்கும் மேல் நகர்ந்துகொண்டிருந்தது. சாய்வுக்கு எதிர்ப்பக்கம் 600 டன் ஈயக் கட்டிகளை அடுக்கியதில் அந்த நகர்வு நின்றது. 1995 செப்டம்பரில் நிலத்தடி நீரைத் தடுக்க மண்ணை உறையவைக்கும் வேலை தொடங்கிய இரவில், கோபுரம் பல மாதங்களில் நகர வேண்டியதை ஒரே இரவில் நகர்ந்தது. கருவிகள் உடனே சொன்னதால் வேலை உடனே நின்றது. பிறகு சாயாத வடபக்கத்தின் அடியிலிருந்து சாய்ந்த துளைகள் வழியே மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தார்கள். ஒவ்வொரு நாளும் எவ்வளவு எடுப்பது என்பதை முந்தைய நாளின் அளவுதான் தீர்மானித்தது. கோபுரம் அரை பாகை நிமிர்ந்து, 2001 டிசம்பரில் திறந்தது. அந்த அரை பாகையைப் பார்வையாளர் யாரும் கவனிப்பதில்லை. அது கோபுரத்தின் கடிகாரத்தை ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் பின்னோக்கித் திருப்பியது.

காரிசெண்டாவிலும் எச்சரித்தவை அளவுகள்தான். அதன் உடலில் பொருத்திய கருவிகளின் அளவுகளைக் கூர்ந்து பார்த்த அறிவியல் குழு, அடிப்பகுதி அமுங்கும் போக்கு எதிர்பாராத விதத்தில் மாறுவதைக் கண்டது. 2023 அக்டோபரில் நகராட்சி கோபுரத்தைச் சுற்றிய பகுதியை மூடியது. அசினெல்லிக்கு ஏறுவதும் நிறுத்தப்பட்டது. தொடர்ந்து, விழுந்தால் சிதறுவதைத் தடுக்கச் சுமார் 5 மீட்டர் உயரத்துக்கு இரும்பு அரணும் வலையும் எழுந்தன. பீசாவில் பயன்பட்ட எஃகுத் தூண்களையும் இழுவடங்களையும் கொண்டுவந்து இந்தக் கோபுரத்தைப் பிடித்துக்கொள்ளும் திட்டம் 2024இல் உருவானது. பிடிமானம் வந்த பிறகுதான் நோயுற்ற அடிச்சுவருக்குள் பொருத்தமான காரைக் கலவையைச் செலுத்தி வலுவூட்டுவது. பொருத்தமான என்ற நிபந்தனை இங்கே உயிர்நாடி. சாதாரண சிமெண்ட்டில் உள்ள அலுமினேட்டுகள் ஜிப்சத்தோடும் ஈரத்தோடும் சேர்ந்தால் எட்ரிங்கைட் என்ற படிகம் உருவாகும். அது உருவாகும்போது இடத்தை விரித்துக்கொண்டு சுவரைப் பிளக்கும். பழங்கட்டடம் என்றால் சிமெண்ட் பூசி உறுதிப்படுத்திவிடலாம் என்ற எண்ணம் எந்த ஊரிலும் தவறுதான். ஜிப்சக் கல்லில் அது கொலை.

இப்படியெல்லாம் கம்பியும் காரையும் ஏற்றிய பின் எஞ்சுவது அந்தப் பழைய கோபுரம்தானா என்று பாரம்பரிய ஆர்வலர்கள் கேட்கிறார்கள். அவர்கள் கவலை உண்மையானது. தேவைக்கு மேல் தொடுவது காப்பதாகாது. ஆனால் இதற்கு மாற்று என்ன? வெனிஸின் சான் மார்கோ கோபுரம் 1902 ஜூலை 14இல் விழுந்தது. விரிசல் வளர்வதைக் கண்டு சதுக்கத்திலிருந்து மக்களை விலக்கியிருந்ததால் யாரும் இறக்கவில்லை. பத்தாண்டுகளில் அதே இடத்தில் அதே தோற்றத்தில் புதிதாகக் கட்டி 1912இல் திறந்தார்கள். அழகான கோபுரம். ஆனால் அது 20ஆம் நூற்றாண்டின் கட்டடம்; பழைய செங்கல்லின் ஒழுங்கும் காரையின் சேர்மானமும் சாரக்கட்டுக்கு விட்ட துளைகளும் சொல்லியிருக்கக் கூடிய எதையும் அது சொல்லாது. பவியாவோ கட்டவே இல்லை. அங்கே அடிக்கட்டையின் எச்சம் மட்டும் நிற்கிறது. அசல் கட்டுமானம் கொஞ்சம் எஃகோடு நிற்பதா, அசலே இல்லாமல் போவதா என்பதுதான் எதிரே உள்ள தேர்வு.

கடைசி ஆட்சேபம்தான் கனமானது. 14ஆம் நூற்றாண்டில் 12 மீட்டரை இறக்கி 660 ஆண்டுகளுக்கு மேல் வாங்கினார்களே. இன்றும் இன்னொரு பத்து மீட்டரை இறக்கிவிட்டால் பல கோடி யூரோ மிச்சமாகாதா, உயிர்களும் பத்திரமாகாதா? இயற்பியல் இந்தக் கேள்விக்கு எதிராக இல்லை. எடை குறைந்தால் அடியின் அழுத்தம் குறையும், ஐயமில்லை. ஆனால் இறக்குவதற்குச் சாரம் கட்ட வேண்டும், மேலே ஆட்கள் ஏற வேண்டும், அதிர்வு கொடுக்க வேண்டும். அடி நொறுங்கும் நிலையில் இருக்கும் ஒரு கோபுரத்தில் அந்த வேலை தொடங்குவதே ஆபத்து. முதலில் பிடித்து நிறுத்தியாக வேண்டும், இறக்குவதானாலும் சரி, காப்பதானாலும் சரி. பிடித்து நிறுத்திய பிறகு அடிச்சுவரைச் சரிசெய்ய முடிகிறதா என்று முயல்வதே முறை. ஏனெனில் இன்றைய நோய் உயரத்தில் இல்லை, அடியில் இருக்கிறது. அடியின் கல் கெட்டுக்கொண்டே போனால் குட்டைக் கோபுரமும் ஒருநாள் அதே இடத்துக்கு வரும். வலுவூட்டிய பின்னும் அளவுகள் தணியவில்லை என்றால், அப்போது மேற்பகுதியை இறக்கத் தயங்கக் கூடாது. ஆண்டுக்கு எத்தனை மில்லிமீட்டர் என்ற எண்ணே அதையும் தீர்மானிக்கட்டும். 2023 அக்டோபரில் பொலோஞா எடுத்த முடிவு சரியானது. வேகம் தெரிந்திருந்ததால் மட்டுமே அது உரிய காலத்தில் எடுக்கப்பட்டது. பவியாவில் 1989 மார்ச் 16 அன்று அப்படி ஒரு எண் யார் கையிலும் இல்லை.